வார் இறுக்கினால் கடிக்க வரும் குதிரை: திமிரா, வலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் குதிரை வைத்திருப்பவர்கள் பலவிதம். ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரையைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தவர்கள் இருக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு நாட்டுக் குதிரை வளர்ப்பவர்கள், பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுப்பவர்கள், தாத்தா காலத்து ஜட்காவை விட மனமில்லாதவர்கள் எல்லாம் உண்டு. இவர்கள் அத்தனை பேரும் கேட்கும் ஒரு விஷயத்துக்காக இந்தப் பக்கம். சேணத்தை வயிற்றோடு இறுக்கிக் கட்டும் பட்டையை ரைடிங் கிளாஸில் ‘கிர்த்’ என்பார்கள். நான் வயிற்றுவார், அல்லது வெறும் வார் என்று எழுதுகிறேன்.

வாரைக் கையில் எடுத்தாலே காதை மடக்குகிறது, வாலைச் சுழற்றுகிறது, கடிக்க வருகிறது. இது திமிர்தானே?

திமிர் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். எங்கோ வலிக்கிறது என்று வைத்துக்கொண்டு தேடத் தொடங்குங்கள். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் குணத்தைப் பற்றிப் பேசலாம். வலியைத் திமிர் என்று நினைத்து அடித்துவிட்டால் அந்தக் குதிரைக்கு வலியோடு பயமும் சேர்ந்துவிடும், அப்புறம் இரண்டையும் பிரித்தெடுக்க மாதக்கணக்கில் ஆகும். திமிரை வலி என்று தவறாக நினைத்தால் போவது டாக்டர் ஃபீஸ் மட்டும்தான்.

நானே இதில் தோற்றவன். முதன்முதலாக வாங்கிய செவலைப் பெட்டை, வார் இறுக்கியதும் திரும்பிக் கடிக்க வருவாள். எனக்குச் சவாரி சொல்லிக்கொடுத்தவர் ‘ரெண்டு போடு, சரியாயிடும்’ என்றார். நானும் மூன்று மாதம் அப்படியே செய்தேன். வயிற்றைத் தடவிப் பார்த்தால் புண் இல்லை, வீக்கம் இல்லை. பழைய ஜட்காக்கார பாய் ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, ‘வார் ஏன் பார்க்கிறே? ஜீனியைப் பாரு’ என்றார். ஜீனி என்று அவர் சொன்னது சேணத்தை. சேணத்தின் உள்கட்டு, அதாவது உள்ளே இருக்கும் சட்டம், அவளுடைய திமிலுக்கு (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கு) குறுகலாக இருந்திருக்கிறது. வாரை இறுக்க இறுக்கச் சேணம் கீழே இறங்கி இரண்டு பக்கமும் திமிலை நெரித்திருக்கிறது. வலி மேலே இருக்க, நான் கீழே தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் வலி எங்கெங்கே இருக்கலாம்?

வார் படுகிற இடத்திலேயே இருக்கலாம்: தோல், நெஞ்செலும்பு, விலா, முழங்கைக்குப் பின்னால் மடிகிற சதை. வார் இழுக்கிற சேணத்துக்கு அடியில், திமிலிலோ முதுகிலோ இருக்கலாம். இரைப்பைப் புண்ணாக உள்ளே இருக்கலாம். இவை எதிலும் சேராமல் கழுத்து, முன்னங்கால், குளம்பு என்று தொலைவிலும் இருக்கலாம். முன்னங்கால் நோகிற குதிரை நெஞ்சுச் சதையை எப்போதும் இறுக்கியே வைத்திருக்கும், அங்கே வார் பட்டால் எரிச்சல்படும்.

குதிரைக்கு விலா பதினெட்டு ஜோடி. அதில் முதல் எட்டு நேராக நெஞ்செலும்போடு சேர்கின்றன. வார் உட்காருவது இந்த எட்டின் பின்பகுதியில்தான், அதாவது மார்புக்கூட்டின் அசையாத பாகத்தில். வழுக்கி விழுந்தோ லாரியில் ஏற்றும்போது மோதியோ அங்கே விலாவில் அடிபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது.

வீட்டிலேயே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, நான்கைந்து நாள் ஒதுக்குங்கள். ஒரு படிக்கு ஒரு கேள்வி மட்டும் குதிரையிடம் கேட்க வேண்டும். இன்னொருவரைக் குதிரையின் முகத்துக்கு எதிரே செல்போனோடு நிற்கவைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். வார் கட்டுகிறவருக்கு முகம் தெரியாது. கெட்டியாகக் கட்டிப்போடாதீர்கள், ஓர் ஆள் கயிற்றைப் பிடித்திருந்தால் போதும்.

முதலில் சேணமும் வாரும் கண்ணிலேயே படக்கூடாது. வெறும் கையால் திமிலிலிருந்து முதுகு வழியாக இடுப்புவரை, பிறகு முழங்கைக்குப் பின்னால், நெஞ்செலும்பு நெடுக, இரண்டு பக்கமும் தடவுங்கள். முதலில் இலேசாக, பிறகு உள்ளங்கையால் அழுத்தி. விரல் நுனியால் குத்தினால் எந்தக் குதிரையும் சிலிர்க்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரே இடத்தில் மூன்று முறை அழுத்தி மூன்று முறையும் சதை துள்ளினால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் சும்மா நின்று, இடப்பக்கம் மட்டும் துள்ளினால் அது பெரிய தகவல். குணத்துக்கு இடம் வலம் கிடையாது. (எப்போதும் இடப்பக்கமே நின்று வார் கட்டுகிற பழக்கம் இருந்தால் மட்டும் இதைக் கொஞ்சம் யோசித்துச் சொல்ல வேண்டும்.)

மறுநாள் சேணம் இல்லாமல், அகலமான மெத்தென்ற துணிப்பட்டை ஒன்றை வார் உட்காருகிற இடத்தில் சுற்றித் தளர்வாகப் பிடியுங்கள். மெல்ல இறுக்கி, மெல்ல விடுங்கள். இதற்குச் சும்மா நிற்கிற குதிரை, சேணத்தோடு வார் கட்டும்போது மட்டும் கடிக்க வந்தால் சேணத்தைச் சந்தேகப்படுங்கள். என் பெட்டை இங்கேயே பதில் சொல்லியிருப்பாள், கேட்க எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, வார் இல்லாமல் சேணத்தை மட்டும் முதுகில் வையுங்கள். பிறகு மிகத் தளர்வான ஓட்டையில் வாரை மாட்டி, நீளக் கயிற்றில் வட்டமாக நடக்கவிட்டுப் பாருங்கள். இதைப் பாலாற்று மணலில் செய்யாதீர்கள். நீரில்லாத ஆறு என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள், அந்த மணலில் குதிரை ஓட்ட எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஆழமான மணலில் நல்ல குதிரையே சிரமப்பட்டு நடக்கும், எது வலி எது களைப்பு என்று தெரியாமல் போய்விடும். கெட்டியான சமதரை வேண்டும்.

கடைசியாக வேறொரு ஆள், வேறொரு இடம். லாயத்தில் கடிக்கிற குதிரை, புது இடத்தில் புது ஆள் பொறுமையாகக் கட்டும்போது வாயில் புல்லை மென்றபடி நிற்கிறதா? அப்படியானால் பழைய நினைவுதான் என்ற பக்கம் தராசு சாய்கிறது. யார் கட்டினாலும், எங்கே கட்டினாலும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் வலி.

சவாரியின்போது என்ன பார்க்க வேண்டும்?

வார் கட்டும்போது மட்டும் முறைத்துவிட்டுச் சவாரியில் தாராளமாகப் போகிறதா, அல்லது சவாரியிலும் அடி குறுகுகிறதா, தலையை ஆட்டுகிறதா, ஒரு பக்கம் திரும்ப மறுக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த குதிரை எலும்பியல் மருத்துவர் சூ டைசன், சவாரியில் வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு 2018-ல் வெளியிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ ஒரே குதிரையிடம் தெரிந்தால் எலும்பு, மூட்டு, சதையில் வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணக்கு. பின்னால் மடங்கிய காது, வெறித்த பார்வை, மறுபடி மறுபடி வாய் திறப்பது, வாலைச் சுழற்றுவது, தடுக்கி நடப்பது எல்லாம் அதில் வருகின்றன.

இரைப்பைப் புண் என்கிறார்கள். குதிரைக்கு அல்சர் வருமா?

மனிதனைவிடச் சுலபமாக வரும். குதிரையின் இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவு சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். நமக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் அமிலம் அதிகமாகச் சுரக்கும். அதற்கோ இருபத்துநான்கு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் நாள் முழுக்க மேய்வதற்கென்று அமைந்த வயிறு அது. அந்த அமிலத்தைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு, நடுவில் வெறும் தரையைப் பார்த்தபடி நிற்கவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரைப்பையின் மேல்பாகத்துக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது. வெறும் வயிற்றோடு ஓடவிட்டால் வயிற்றுத் தசை இறுகி, கீழே தேங்கிய அமிலம் மேலே தெறிக்கிறது. பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புண் இருப்பது இதனால்தான். அங்கிருந்து வந்த குதிரையை வாங்கியிருந்தால் இதை முதல் சந்தேகமாக வைத்துக்கொள்ளலாம்.

உறுதியாகத் தெரிய ஒரே வழி, பட்டினி போட்டு, மூன்று மீட்டர் நீளக் குழாய்க் கேமராவை மூக்கு வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பது. மருந்து ஒமிப்ரசோல்தான். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் நமக்கு விற்கிற மாத்திரையை எண்ணிப் போடாதீர்கள். குதிரையின் எடைக்கு அளவு வேறு, வடிவம் வேறு, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். டாக்டர் எழுதட்டும்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது தீனியை மாற்றுவது. புல், வைக்கோல் போன்ற நார்த்தீனி இல்லாமல் ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். சேணம் ஏற்றுவதற்கு அரை மணி முன்பு ஒரு கை வைக்கோலோ புல்லோ, கிடைத்தால் குதிரைமசாலோ (லூசர்ன்) தின்னக் கொடுங்கள். குதிரைமசாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். வயிற்றில் மிதக்கும் புல் அமிலம் தெறிக்காமல் தடுக்கும். ‘ஓடும் குதிரைக்கு வயிறு காலியா இருக்கணும்’ என்று சொல்லி வளர்த்தவர்களுக்கு இது கசக்கும்.

நாங்கள் நேப்பியர் புல்லும் தவிடும்தான் போடுகிறோம். பரவாயில்லையா?

அது மட்டும் என்றால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். மாட்டுக்கு வைத்திருக்கும் புல்லையே குதிரைக்கும் அறுத்துப் போடுவது நம் பக்கத்து வழக்கம். இந்த வெப்பநாட்டுப் புற்களில் ஆக்சலேட் உண்டு, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்பு குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கும். முகவெலும்பு உப்பும், நாளுக்கு ஒரு காலில் நொண்டும், உடம்பெல்லாம் நோகும். அப்படிப்பட்ட குதிரை வாரை வெறுத்தால் அதன்மேல் குற்றம் இல்லை.

வார் படுகிற இடத்தில் தோலில் என்ன பார்ப்பது?

நம் வெயிலை மறக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் வியர்வை காய்ந்து உப்பாகி வாரின் உள்பக்கம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். மறுநாள் அதே வாரைக் கட்டுவது புண்ணில் சொறிவதற்குச் சமம். சவாரி முடிந்ததும் குதிரையின் நெஞ்சுப்பக்கம், வார் இரண்டையும் கழுவுங்கள்.

முழங்கைக்குப் பின்னால் மடிப்பில் உண்ணி ஒளிந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் தேட வேண்டும். வட்டவட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை. அது வார் வழியாகவே ஒரு குதிரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், பிள்ளைகளுக்கும் ஒட்டும். நான்கு குதிரைக்கு ஒரே வார் என்ற கணக்கு அங்கே உதைக்கும்.

வயிற்றடியில் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிற வீக்கம் இருந்தால் இது தோல் விஷயமே இல்லை. கடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயிலும் இப்படி வீங்கும். விட்டுவிட்டுக் காய்ச்சல், இளைத்துப்போவது கூடவே இருக்கும். இரத்தப் பரிசோதனை வேண்டும்.

ஆம்பூர், ராணிப்பேட்டை தோலில் வார் தைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக. தோல் ஊரில் இருந்துகொண்டு வாருக்கு வெளியே அலைவானேன். ஆனால் செருப்புக்கு மேல்தோலாகப் போகும் மெல்லிய தோல் வாருக்கு உதவாது, இழுத்துக்கொண்டே போகும். ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் பதமிட்ட கனத்த தோலாகக் கேளுங்கள். ஓரத்தை மடித்து உருட்டித் தைக்கச் சொல்லுங்கள், வெட்டிய ஓரம் முழங்கைச் சதையை அறுக்கும். எண்ணெய் போடாமல் விட்டால் எந்தத் தோலும் பலகையாகிவிடும். ஒரு முனையில் மட்டும் எலாஸ்டிக் வைத்த வார் ஒரு பக்கமே இழுக்கும். இரண்டு முனையிலும் வைத்ததை வாங்குங்கள், அல்லது எலாஸ்டிக்கே வேண்டாம்.

சேணம் பொருந்துகிறதா என்று எப்படித் தெரியும்?

சவாரி முடிந்து இறக்கியதும் வியர்வை அடையாளத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் இருக்கக்கூடும். நாட்டுக் குதிரைகளில் உருண்டை வயிறு உள்ளவை பல. அவற்றில் சேணம் முன்னே நகர்ந்துகொண்டே வந்து வாரை முழங்கைக்குத் தள்ளிவிடும். வார் முழங்கையிலிருந்து நான்கு விரல் பின்னால் நிற்க வேண்டும். பொருந்தாத சேணத்துக்கு அடியில் இன்னொரு கம்பளி போடுவது, கடிக்கிற ஷூவுக்குள் இன்னொரு சாக்ஸ் போடுவது மாதிரி.

வார் கட்டும்போது காற்றை இழுத்து வயிற்றை உப்பவைக்கிறது. இது கள்ளம்தானே?

காற்றை அல்ல, சதையை இறுக்குகிறது. வயிற்றில் யாராவது குத்த வந்தால் நாம் இறுக்கிக்கொள்வதில்லையா, அதேதான். அடிவயிற்றில் முழங்காலால் இடித்து இறுக்குகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மறுநாள் அது இன்னும் முன்கூட்டியே இறுக்கிக்கொள்ளும்.

மூன்று தவணையாகக் கட்டுங்கள். சேணம் நழுவாத அளவுக்கு முதலில்; ஐந்து நிமிடம் நடக்கவிட்டு இரண்டாவது; ஏறுவதற்கு முன் மூன்றாவது. நெஞ்செலும்புக்கு அடியில் இரண்டு விரல் சற்றே சிரமப்பட்டு நுழைய வேண்டும். பக்கவாட்டில் விரல் விட்டுப் பார்ப்பது ஏமாற்றும். கட்டி முடித்ததும் முன்னங்காலை ஒவ்வொன்றாக முன்னே நீட்டிவிட்டால் மடிந்த தோல் நேராகும்.

1806 ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தபோது, சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் குதிரைப்படை பாய்ந்து வந்தது. அன்று எத்தனை குதிரைக்கு ஒரே இழுப்பில் வார் இறுக்கினார்களோ. நமக்கு அந்த அவசரம் இல்லை.

பெட்டைக் குதிரை மாதத்தில் சில நாள் மட்டும் முறைக்கிறது?

பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள், அதில் ஒரு வாரம் போலப் பருவத்தில் இருக்கும். காலண்டரில் குறியுங்கள். மூன்று சுழற்சிக்கு அதே நாட்களில் வந்தால் டாக்டரிடம் சொல்ல ஒரு விஷயம் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டவும் கூடாது.

சுழி சரியில்லை, அதனால்தான் கடிக்கிறது என்கிறார்கள்.

சுழி முடியில் இருக்கிறது. வார் அதற்கு அடியில் இருக்கிற சதையில் படுகிறது.

ஊர்வலக் குதிரைக்கும் ஜட்காக் குதிரைக்கும் தனியாக ஏதாவது உண்டா?

ஊர்வலக் குதிரைக்கு வார் நாலைந்து மணி நேரம் கட்டியபடியே கிடக்கிறது, கூடவே பேண்டு, வெடி. அந்தக் குதிரை வாரைக் கண்டால் மிரள்வது வலியாக இல்லாமல் ‘இன்றைக்கும் வெடியா’ என்ற நினைப்பாகவும் இருக்கலாம். வெடி இல்லாத நாளில் சேணம் ஏற்றி, பத்து நிமிடம் தோப்பில் நடத்தி, இறக்கிவிடுங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தால் பதில் கிடைத்தது. மாப்பிள்ளை வரும்வரை வாரைத் தளர்த்தி வைக்க யார் தடுக்கிறார்கள்?

ஜட்காவில் விஷயம் வேறு. இரண்டு சக்கர வண்டியில் ஆள் எல்லாம் பின்னால் உட்கார்ந்தால் ஏர்க்கால் (குதிரையைப் பூட்டும் நீளக் கம்பு) மேலே தூக்கும், வயிற்றுவார் கீழிருந்து வெட்டும். முன்னால் நகர்ந்து உட்காரச் சொன்னாலே பாதிக் குதிரைகளின் கோபம் போய்விடும்.

டாக்டர் வருவதற்குள் வலிமாத்திரை போட்டுப் பார்க்கலாமா? வலி குறைந்தால் வலிதான் என்று தெரிந்துவிடுமே.

கூடாது. பினைல்பூட்டசோன் போன்ற வலிமருந்துகளே இரைப்பையைப் புண்ணாக்கும். அல்சர் உள்ள குதிரைக்கு இதைக் கொடுத்துவிட்டு ‘மாற்றமில்லை, அப்போ திமிர்தான்’ என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். இந்தச் சோதனையை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

எப்போது காத்திருக்கக்கூடாது?

வார் கட்டியதும் கால் மடங்கிக் கீழே விழுந்தால். தரையைப் பறித்து, வயிற்றைத் திரும்பிப் பார்த்து, படுத்துப் புரண்டால். தீனியை விட்டால். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் சூடு 99.5 முதல் 101.3 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது வளர்ந்த குதிரைக்கு இயல்பு. நம் ஊர் மதிய வெயிலில் எடுக்காமல் விடியற்காலையில் எடுத்து எழுதிவைத்தால்தான் உங்கள் குதிரையின் கணக்கு தெரியும். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் நாளெல்லாம் பார்ப்பது மாடும் ஆடும். குழாய்க் கேமரா போன்ற பெரிய சோதனை என்றால் சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்துவிட்டு வண்டி ஏற்றுங்கள். எடுத்த வீடியோவையும் குறிப்புகளையும் மறக்காமல் கொண்டு போங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். இன்னும் கடிக்க வருகிறதே?

வலி போனாலும் அதன் நினைவு போவதில்லை. என் செவலைக்குச் சேணம் மாற்றிய பிறகும் ஆறு வாரம் பிடித்தது. இந்த இடத்தில்தான் நடத்தைப் பயிற்சி என்ற வார்த்தைக்கு வேலை.

வாரைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் போங்கள். காது மடங்கத் தொடங்குவதற்கு முன்பே நின்று, ஒரு பிடி புல் கொடுத்து, விலகுங்கள். மடங்கிய பிறகு விலகினால் ‘காதை மடக்கினால் ஆள் போய்விடுவான்’ என்று கற்றுக்கொடுத்தவர் நீங்களாகிறீர்கள். அடுத்து வாரால் நெஞ்சுப்பக்கம் தொடுவது. பிறகு அடியில் கொண்டுவந்து பிடித்து, மாட்டாமல் விடுவது. பிறகு மிகத் தளர்வான ஓட்டையில் மாட்டி, அவிழ்ப்பது. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், இரண்டு வேளை. எந்தப் படியில் முறைக்கிறதோ அதற்கு முந்தைய படிக்குத் திரும்புங்கள். இந்த வாரங்களில் சவாரி வேண்டாம். ஒருநாள் அவசரத்தில் பழையபடி இறுக்கினால் பத்து நாள் வேலை போச்சு.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லையா? மறுபடி டாக்டரிடம் போங்கள். முதல் தடவை பார்க்காத ஏதோ இருக்கிறது.

புதுக் குதிரை வாங்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போனாலும் சரி, தெரிந்தவர் லாயத்துக்குப் போனாலும் சரி, சேணம் ஏற்றித் தயாராக நிறுத்தியிருக்கும் குதிரையைப் பார்த்தால் முதலில் அதை இறக்கச் சொல்லுங்கள். திமிலிலும் வார் படுகிற இடத்திலும் திட்டுத்திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் பழைய அழுத்தப் புண் ஆறிய தடம். அரை மணி பேச்சுக் கொடுத்துவிட்டு, உங்கள் கண்ணெதிரே மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அப்போது விற்பவர் வாரைக் கையில் எடுக்கும் முன் குதிரையின் முகத்தைக் கையால் மறைத்துப் பிடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.